பாக்காவ் கன்றும் நம் கடற்கரையும்

மேற்குக் கரையோரத் தோட்டங்களில் வாழ்வோர்க்குக் கடல் அயலானது அன்று. நிபோங் தெபால், பாகான் டத்தோ, சபாக் பெர்ணம், கோலசிலாங்கூர், கேரித் தீவு ஆகிய இடங்களில் செம்பனை வரிசைகள் ஓர் உயர்ந்த மண்கரையில் போய் முடிவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அக்கரைமீது ஏறி நின்றால் ஒருபுறம் தோட்டமும், மறுபுறம் வேர்கள் பின்னிக் கிடக்கும் சேற்றுக் காடும், அதற்கப்பால் கடலும் தெரியும். நீர் ஏறியிருக்கும் வேளையில் உற்று நோக்கினால் மற்றொன்றும் புலப்படும். கடல் உயரத்தில் இருக்கிறது. தோட்டம் தாழ்வில் இருக்கிறது.

இந்நிலை இயற்கையாக அமைந்ததன்று. ஒரு காலத்தில் அலையேறி இறங்கிய நிலத்தை மண்கரையிட்டுத் தடுத்து, வாய்க்கால் வெட்டி, மதகு வைத்து, நீர் வற்றும்போது திறந்தும் ஏறும்போது மூடியும் உலர்த்தி எடுத்த நிலம் அது. உலர்ந்த களிமண் நாளடைவில் அமிழ்ந்து தாழும். ஆகவே, கரை உடைந்தால் உள்ளே புகும் உப்புநீர் எளிதில் வெளியேறாது. செம்பனை வாடும், வாய்க்கால் மீன் செத்து மிதக்கும், வீட்டுப் பக்கத்துக் காய்கறிப் பாத்திகள் பாழாகும்.

கரை உடையாமல் காப்பது எது? மண்ணின் உறுதியே என்று சொல்லத் தோன்றும். மண்கரை அலையைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டதன்று. நீரைத் தடுப்பதற்காகக் கட்டப்பட்டது. அலையின் வேகத்தைத் தணிப்பது அதன் முன்னே நிற்கும் சேற்றுக் காடு. காடு தேய்ந்த இடங்களில் அலை நேரே வந்து கரையின் அடியை அரிக்கிறது. பிறகு கருங்கல்லைக் கொட்ட வேண்டியிருக்கிறது. அதற்காகும் செலவு சிறிதன்று, ஒருமுறையோடு முடிவதுமன்று.

இழந்த காட்டை மீண்டும் வளர்க்கும் பணியில் மீனவர்களும் மாணவர்களும் பல இன இளைஞர்களும் நம் நாட்டின் கரையோரங்களில் ஈடுபட்டு வருகிறார்கள். அப்பணி எவ்வாறு நடைபெறுகிறது, எங்கே பயன் தருகிறது, எங்கே வீணாகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

காட்டின் இயல்பு

மலாய் மொழியில் இதனை ஹூத்தான் பாயா லாவுட் என்பர். பொது வழக்கில் பாக்காவ் காடு. தமிழில் அலையாத்திக் காடு என்று வழங்குகிறோம். அலையை ஆற்றும் காடு என்னும் பொருளில் அமைந்த இப்பெயரைவிடப் பொருத்தமான பெயர் வேறு மொழியில் உண்டோ என்பது ஐயமே. மலேசியாவில் இக்காடுகளின் மொத்தப் பரப்பு 6 லட்சம் ஹெக்டருக்குச் சற்று மேல்; அதில் பாதிக்கு மேற்பட்டது சபாவில் உள்ளது. தீபகற்பத்தில் மிகப் பெரியது பேராக்கின் மாத்தாங் காடு. அதன் பரப்பு ஏறத்தாழ 40,000 ஹெக்டர்.

வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு எல்லா மரமும் ஒன்றுபோல் தோன்றும். உள்ளே சென்றால் மரங்கள் தம் இடமறிந்து நிற்பது விளங்கும். கடலோரத்தில், அலை நாள்தோறும் வந்து தொடும் புதுச் சேற்றில் முதலில் கால் ஊன்றுவன அப்பி-அப்பியும் பெரெப்பாட்டும். அவற்றின் வேர்கள் பென்சில் முனைபோலவும் கூம்புபோலவும் சேற்றிலிருந்து மேல்நோக்கி எழும். காற்றில்லாச் சேற்றில் வேர்கள் மூச்சுவிடுவதற்கான ஏற்பாடு அது. இவை சேற்றைப் பிடித்து நிறுத்தியபின், சற்று உட்புறத்தில் பாக்காவ் மரங்கள் வளரும். பந்தற்கால்போல் வளைந்து இறங்கும் ஊன்றுவேர்களைக் கொண்டவை இவை. இன்னும் உள்ளே லெங்காடாய் முதலிய மரங்கள். ஆற்றுநீர் கலக்குமிடத்தில் நீப்பாவும் பெரெம்பாங்கும். மேட்டு நிலத்தில் பியாய் ராயா என்னும் பெரும் பெரணிச் செடி. பாட்டாளி மக்கள் நீப்பா ஓலையை நன்கு அறிவார்கள். பல பழைய கொட்டகைகளுக்குக் கூரையாக இருந்தது அதுவே.

இவற்றுள் பூத்தா-பூத்தா என்றொரு மரம் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஊறு விளையும்; மலாய்ப் பெயரின் பொருளும் குருடு என்பதே. இம்மரம் வேறெதுவுமன்று, தமிழில் நாம் தில்லை என்று போற்றும் மரமே. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரம் நம் தோட்டத்து மண்கரையின் மறுபுறத்தில் யாரும் கவனிக்காமல் நிற்கிறது. பாக்காவ் மரத்தைப் பிச்சாவரத்து மக்கள் சுரபுன்னை என்றும், அப்பி-அப்பியின் இனத்தைக் கண்டல் என்றும் அழைக்கிறார்கள்.

உப்புநீரில் இவை பிழைப்பது எப்படி? பாக்காவின் வேர் உப்பின் பெரும்பகுதியை உள்ளே விடாமல் வடித்துவிடுகிறது. அப்பி-அப்பி உப்பை உள்ளே வாங்கி, இலையின் வழியே வெளியேற்றுகிறது. வெயில் ஏறிய நேரத்தில் அதன் இலையை நாவில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரிக்கும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல இதனினும் எளிய சோதனை இல்லை. ஆனால் தில்லை இலையை அப்பி-அப்பி என்று மயங்கி எடுத்துவிடக் கூடாது. கிள்ளினால் பால் வருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாக்காவின் விதை முளைக்கும் முறை இன்னும் வியப்பானது. விதை மரத்திலிருந்து விழுந்தபின் முளைப்பதில்லை. மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய் போன்ற நீண்ட முளைத்தண்டாகத் தொங்குகிறது. தாய்மரத்தின் ஊட்டத்தில் பல மாதம் வளர்ந்து, முதிர்ந்தபின் கழன்று விழுகிறது. சிலவேளை சேற்றில் நட்டுக்கொண்டு அங்கேயே வேர்விடும். பெரும்பாலும் நீரில் மிதந்து சென்று, ஒதுங்கிய இடத்தில் நிமிர்ந்து வேரூன்றும். அதாவது, நடுவதற்கு மனிதர் இல்லாத காலத்திலும் இக்காடு தானே பரவியது. இதனை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும், பின்னர் பயன்படும்.

காடு குறைந்த கதை

இந்தக் கதையில் நம் முன்னோர்க்கும் பங்குண்டு. பேராக்கின் வடமேற்கில் கெரியான் மாவட்டத்தில், மாத்தாங் காட்டின் வடகோடியில், கோலகுலா என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. கோலா என்பது கழிமுகம். குலா என்பது சர்க்கரை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செபராங் பிறையிலும் கெரியானிலும் கரும்புத் தோட்டங்கள் பெருகின. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த தமிழர்கள் அத்தோட்டங்களில் உழைத்தனர். பால்மரத் தோட்டங்கள் வருமுன் நம்மவர் மலாயாவில் வியர்வை சிந்திய மண் பெரும்பாலும் இக்கரையோர மண்ணே. முழங்கால் சேற்றில் நின்று சங்கோலால் வாய்க்கால் வெட்டியவர்களும் மண்கரை போட்டவர்களும் அவர்களுள் இருந்தனர். 1906இல் கெரியான் நீர்ப்பாசனத் திட்டம் நிறைவேறியபின் நெல் வயல்கள் பெருகின. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. கரும்பு மறைந்து பால்மரம் வந்தது. கரும்பின் அடையாளமாக எஞ்சியிருப்பவை சில பெயர்களும் சில பழைய வாய்க்கால்களுமே.

அவர்கள் மீது குற்றம் சொல்வதற்காக இதனை நாம் எழுதவில்லை. வெட்டச் சொன்னவர் வேறு, வெட்டியவர் வேறு. கூலி பெற்றவர் வேறு, இலாபம் பெற்றவர் வேறு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பின்னாளில் இறால் குளங்களுக்காகவும் துறைமுகங்களுக்காகவும் வீடமைப்புக்காகவும் காடு மேலும் குறைந்தது. 1980களின் நடுவில் அரசாங்கம் நாடு முழுவதும் கடலரிப்பை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்கரையில் கால் பங்குக்கு மேற்பட்டது அரிக்கப்பட்டு வருவது தெரிந்தது. பறவைகளும் இதற்குச் சாட்சி. கோலகுலாவைச் சுற்றிய சேற்று நிலங்களில் 1980களில் நூற்றுக்கு மேல் காணப்பட்ட பால் நாரைகள், 2000களின் நடுவில் பத்துக்கும் கீழே குறைந்துவிட்டன.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. பினாங்கு, கெடா கரைகளைத் தாக்கிய அது மலேசியாவில் 68 உயிர்களைப் பலிகொண்டது. காடு முன்னே இருந்த சில மீனவர் குடியிருப்புகளில் சேதம் குறைவாக இருந்ததை மக்களே கண்டு கூறினார்கள். ஆயினும் ஒன்றை மிகைப்படுத்தாமல் சொல்வது நம் கடமை. பேரலை முழுவதையும் தடுத்து நிறுத்தும் ஆற்றல் எந்த மரத்திற்கும் இல்லை. நாள்தோறும் வரும் காற்றலைகளைத் தணிப்பதே இக்காட்டின் முதன்மையான தொழில். 100 மீட்டர் அகலமுள்ள அலையாத்திக் காட்டைக் கடப்பதற்குள் அலையின் உயரம் 13 முதல் 66 விழுக்காடு வரை குறையும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளார்கள். மரத்தின் வகை, நெருக்கம், நீரின் ஆழம் ஆகியவற்றைப் பொறுத்தே இவ்வளவு வேறுபாடு. ஒற்றை வரிசையாக நட்டுவிட்டுக் கரை பிழைத்தது என்று எண்ணுவோர் இவ்வெண்ணிக்கையை ஒருமுறை படித்தல் நலம்.

மீனவர்கள் தொடங்கிய பணி

ஆழிப்பேரலைக்குப் பின்னரே இந்நாட்டில் மரம் நடும் எண்ணம் பிறந்தது என்று கருதுவோர் உண்டு. அது சரியன்று. பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கத்தினர் 1997ஆம் ஆண்டிலேயே கன்று நடத் தொடங்கிவிட்டனர். அவர்களை அதற்குத் தூண்டியது வலையில் விழுந்த மீனின் எண்ணிக்கை. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் சியாக்காப் மீன் குஞ்சும் வேர்களின் இடுக்கில் ஒளிந்தே வளர்கின்றன. காடு போனபின் மீன் குறைந்தது. மீன் குறைந்தபின் மீனவர் காட்டைத் தேடினர். சிறு படகு வைத்திருப்பவரால் ஆழ்கடலுக்குப் போக முடியாது. கரையோரம் வற்றிப் போனால் அவர்தம் அடுப்பு அணைந்துபோகும்.

அரசாங்கம் 2005ஆம் ஆண்டு முதல் கரையோரங்களில் பாக்காவும் பிற ஏற்ற மரங்களும் நடும் திட்டத்தை நாடளாவிய முறையில் மேற்கொண்டது. வன இலாகாவும் மலேசிய வன ஆய்வு நிலையமும் அதற்குத் துணைநின்றன. கோலகுலாவில் ஊர்மக்களே பாக்காவ் காட்டின் நண்பர்கள் என்ற பெயரில் ஒன்றுகூடி நாற்றங்கால் அமைத்தார்கள். அங்குக் கையாளப்பட்ட முறை பாராட்டத்தக்கது. ஊரார் விதை பொறுக்கி வளர்த்த நாற்றுகளைத் தொண்டு நிறுவனம் விலைகொடுத்து வாங்கியது. அதே நாற்றுகளை வெளியூர்த் தொண்டர்களும் மாணவர்களும் வந்து நட்டனர். இதனால் நாற்றைப் பேணுவதில் ஊராருக்கு வருமானமும் அக்கறையும் ஒருசேரக் கிடைத்தன. இலவச உழைப்பை மட்டுமே நம்பிய முயற்சிகள் பல, முதல் மழைக்காலத்தோடு மறக்கப்பட்டுவிட்டன.

நடுவதற்குரிய அறிவு மாத்தாங் காட்டில் நெடுங்காலமாகவே இருந்து வருகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அக்காடு ஒழுங்குமுறையோடு பராமரிக்கப்படுகிறது. 30 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பகுதியை வெட்டி, கரிச் சூளைக்கு அனுப்பி, அவ்விடத்தில் மீண்டும் நடுகிறார்கள். 15ஆம் ஆண்டிலும் 20ஆம் ஆண்டிலும் இடையே சில மரங்களைக் களைந்து, கட்டடப் பணிகளுக்குக் கழியாக விற்கிறார்கள். எந்த மரத்தைக் களைவது என்பதற்கு அவர்கள் கைக்கொள்ளும் அளவுகோல் ஒரு குச்சியே. முதற்களைப்பில் 1.2 மீட்டர்க் குச்சி. இரண்டாம் களைப்பில் 1.8 மீட்டர்க் குச்சி. நல்ல மரம் ஒன்றைத் தேர்ந்து, அதைச் சுற்றிக் குச்சி எட்டும் தொலைவிலுள்ளவற்றை வெட்டிவிடுவார்கள். எழுத்தறியாத தொழிலாளியும் பிழையின்றிச் செய்யத்தக்க முறை.

நாற்று முதல் நடவு வரை

தொண்டர்கள் செய்யும் வேலையை வரிசையாகக் காண்போம். முதலில் விதை சேகரிப்பு. பாக்காவில் இருவகை நடவுக்கு உகந்தவை. பாக்காவ் மின்யாக்கின் முளைத்தண்டு ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் நீளமிருக்கும். பாக்காவ் குராப்பின் முளைத்தண்டு அரை மீட்டருக்கும் மேல் நீளும். முதிர்ச்சியை நீளத்தைக் கொண்டு அறியக் கூடாது. காய்க்கும் தண்டுக்கும் இடையே கழுத்துப்பட்டைபோல் ஒரு வளையம் தோன்றும். மின்யாக்கில் அது சிவந்தும், குராப்பில் மஞ்சளித்தும் இருந்தால் முதிர்ந்தது என்று பொருள். பச்சையாக இருப்பதைப் பறித்தால் நாற்றங்காலில் அழுகும். பூச்சி துளைத்ததையும் ஒதுக்கிவிட வேண்டும். அப்பி-அப்பியின் விதை சிறியது. வாதுமைப் பருப்பளவில் நீரில் மிதக்கும். அதன் தோல் கழன்றதும் விரைந்து முளைப்பதால் நெடுநாள் சேர்த்துவைக்க இயலாது.

நாற்றங்காலை நீரேற்றம் தானே வந்து நனைத்துப் போகும் இடத்தில் அமைப்பார்கள். நீர் சுமக்கும் வேலை குறைகிறது. கன்றும் உப்புக்குப் பழகுகிறது. கறுப்புப் பொலித்தீன் பையில் காட்டுச் சேற்றை நிரப்பி, முளைத்தண்டின் மூன்றில் ஒரு பங்கு மண்ணுள் இருக்குமாறு குத்தவேண்டும். தலைகீழாகக் குத்துவோரும் உண்டு. கூர்முனை கீழே என்பதை முதல்நாளே எல்லாருக்கும் காட்டிவிடுவது நல்லது. மேலே வலை கட்டிப் பாதி நிழல் தருவார்கள். நடவுக்கு முன் சில வாரம் நிழலை நீக்கி வெயிலுக்குப் பழக்குவார்கள். தோட்டத்தில் செம்பனை நாற்றோ பால்மர நாற்றோ வளர்த்த கைகளுக்கு இவ்வேலை புதிதாக இராது. நாற்றங்காலில் நெடுநாள் பணியாற்றிய நம் பெண்மணிகள் இதில் பல்கலைக்கழக மாணவர்க்கும் ஆசிரியராக விளங்கக்கூடும். பையைக் கிழிக்கும்போது வேர்ப்பந்து உடையாமல் எடுக்கும் பக்குவம் எந்தப் புத்தகத்திலும் வருவதன்று.

நான்கைந்து இலை விட்ட கன்றுகள் நடவுக்கு ஏற்றவை. மாத்தாங்கில் மின்யாக் வகையை 1.2 மீட்டர் இடைவெளியிலும் குராப் வகையை 1.8 மீட்டர் இடைவெளியிலும் நடுகின்றனர். காட்டின் உட்புறத்தில் முளைத்தண்டையே நேரடியாகக் குத்திவிடுவதும் உண்டு, செலவு குறைவு. ஆனால் நண்டு அதன் அடியைக் கடிக்கும்; குரங்கு பிடுங்கிப்போடும். அத்தகைய இடங்களில் பையில் வளர்ந்த கன்றே தப்பும். மேட்டுப்பாங்கான இடத்தில் பியாய் ராயா மண்டி ஒளியை மறைத்துவிடும்; அதனை வெட்டி அகற்றாமல் நடுவது வீண். ஒழுங்கான களையெடுப்பு இல்லாத தோட்டத்தில் இளங்கன்று படும் பாட்டை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நாம் கண்ட ஒரு தோல்வி

சில ஆண்டுகளுக்கு முன் சிலாங்கூர்க் கரையில் நடைபெற்ற ஒரு நடவுக்கு நாமும் போயிருந்தோம். அரித்துக்கொண்டிருந்த மண்கரை ஒன்றின் முன்னே, நீர் வற்றிய வெளியில் கன்றுகளை நடுவது திட்டம். தோட்ட இளைஞர்களும் பள்ளி மாணவர்களும் பேருந்துகளில் வந்து இறங்கினார்கள். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சட்டை, தலைக்குத் தொப்பி. உரைகள் முடிந்தபோது நீர் திரும்ப ஏறத் தொடங்கியிருந்தது. அவசர அவசரமாகக் கன்றுகளை நட்டு, ஒவ்வொன்றையும் ஒரு கம்பில் கட்டினோம். புகைப்படம் எடுத்துக்கொண்டு மகிழ்ச்சியோடு திரும்பினோம். அம்மகிழ்ச்சி பொய்யன்று. சேற்றில் ஒருவரையொருவர் கைபிடித்துத் தூக்கிவிட்ட அப்பிள்ளைகளின் சிரிப்பு இன்னும் நம் செவியில் ஒலிக்கிறது.

ஆறு மாதம் கழித்து அவ்வழியே செல்ல நேர்ந்தது. கம்புகள் வரிசையாக நின்றன, கன்றுகள் இல்லை. ஒட்டிக்கொண்டிருந்த சிலவற்றின் தண்டில் கொட்டலசு அடையடையாகப் படிந்து, பாரம் தாளாமல் சாய்ந்து கிடந்தன. மண்கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த மலாய் மீனவப் பெரியவரிடம், “பாக் சிக், இங்கே என்ன நடந்தது?” என்று கேட்டோம். அவர் வலையிலிருந்து கண்ணெடுக்காமலே, தம் தந்தையார் காலத்திலும் அந்த இடத்தில் மரம் இருந்ததில்லை என்றார். அது சிப்பியும் நண்டும் எடுக்கும் திறந்த சேறு, மரம் நின்ற இடம் வேறு. “அன்றே சொல்லியிருக்கலாமே, பாக் சிக்?” என்றோம். “யாரும் கேட்கவில்லையே” என்றார்.

அவ்விடையில் அடங்கியிருந்ததைப் பின்னர் நூல்களிலும் படித்தோம். அலையாத்தி மரம் நீரில் வாழும் செடியன்று. நீர் வந்து போகும் நிலத்தில் வாழும் மரம். கடலின் சராசரி மட்டத்திற்கும் பெரும் ஏற்றத்தின் மட்டத்திற்கும் இடைப்பட்ட நிலமே அதற்கு உரியது. மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூழ்கிக் கிடக்கும் இடத்தில் கன்று மூச்சுத்திணறிச் சாகும். கொட்டலசுக்கும் அது வாய்ப்பாகிவிடும். பிலிப்பைன்ஸ் நாட்டில் பல ஆண்டுகள் நடந்த நடவுகளைப் பற்றி 2008இல் வெளியான ஓர் ஆய்வு, நெடுங்காலம் பிழைத்தவை பெரும்பாலும் 10 முதல் 20 விழுக்காடே என்று காட்டியது. காரணம் இரண்டு. தாழ்ந்த சேற்றுவெளியில் நட்டது ஒன்று. அப்பி-அப்பியும் பெரெப்பாட்டும் வளரவேண்டிய முன்வரிசையில் பாக்காவை நட்டது மற்றொன்று. பாக்காவின் முளைத்தண்டு பொறுக்க எளிது, குத்த எளிது என்பதாலேயே எங்கும் அதையே நடுகிறார்கள். எளிதாகக் கிடைப்பது இடத்திற்கு ஏற்றதாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை.

தாழ்ந்த நிலங்கள் நடவுக்குக் கேட்பாரின்றிக் கிடைப்பதும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. உரிய மட்டத்திலுள்ள நிலத்தில் குளமோ கட்டடமோ முன்பே வந்துவிட்டது. அதை யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆகவே தொண்டர்களைத் திறந்த சேற்றுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அரிப்பு கடுமையாக உள்ள கரைகளில் நடத்தான் வேண்டும் என்றால், முன்னே அலைத்தடுப்பு அமைத்து, அதன் பின்புறம் சேறு படிந்து உயர்ந்தபின் நடவேண்டும். சிலாங்கூரின் சுங்கை ஹாஜி டோரானியில் மணல் நிரப்பிய பெரும் துணிக்குழாய்களைக் கடலில் கிடத்தி இவ்வாறு முயன்றுள்ளார்கள். மூங்கிற் குழாய்க்குள் கன்றை நட்டு அலையிலிருந்து காக்கும் முறையையும் வன ஆய்வு நிலையத்தார் கையாண்டனர். இவை பொறியியலாளர்தம் துணையோடு செய்யவேண்டியவை; ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிவன அல்ல.

அன்று அந்தப் பெரியவர் வலையை வைத்துவிட்டு எழுந்து வந்து, மண்கரையின் வழியே எங்களை நெடுந்தொலைவு அழைத்துச் சென்றார். கைவிடப்பட்ட ஒரு குளத்தின் கரை ஓரிடத்தில் இடிந்திருந்தது. நீரேற்றம் அவ்வழியே உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. குளத்தின் தரையில் இடுப்பளவு அப்பி-அப்பிக் கன்றுகள் நூற்றுக்கணக்கில் நின்றன. அவற்றை யாரும் நடவில்லை. தொப்பியும் இல்லை, உரையும் இல்லை. நீருக்கு வழி கிடைத்தது. நீர் விதையைக் கொணர்ந்தது. தமிழகத்தின் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் 1990கள் முதல் இவ்வுண்மையை முறைப்படுத்தி, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி நீரோட்டத்தைத் திரும்பக் கொணர்ந்து, அழிந்த பகுதிகளை மீட்டிருக்கிறார்கள். விதை தரும் மரங்கள் அருகில் இருக்குமாயின், அடைபட்ட நீரைத் திறந்துவிடுவதே சிறந்த நடவு. விதை வர வழியில்லாத இடத்தில் மட்டுமே கன்று வேண்டும்.

தோட்டங்கள் செய்யக்கூடியவை

கடற்கரைக்குப் போகவேண்டும் என்பதும் இல்லை. உப்புநீரும் நன்னீரும் கலக்கும் ஆற்றங்கரை வரை பல தோட்டங்கள் நீண்டிருக்கின்றன. கோலசிலாங்கூரின் கம்போங் குவாந்தானில் மின்மினிகள் இரவுதோறும் கூடி ஒளிர்வது பெரெம்பாங் மரத்தில். அதன் புழுக்கள் வளர்வதோ மரத்தின் பின்னேயுள்ள ஈரமான நிலத்தில், நத்தைகளைத் தின்று. ஆகையால் கரையோர மரத்தை விட்டுவைத்து, பின்னிலத்தை வெட்டவெளியாக்கினாலும் மின்மினி மறையும். ஆற்றின் விளிம்புவரை செம்பனை நடாமல், அங்கே பெரெம்பாங்கும் நீப்பாவும் தழைக்க விடுவது நிர்வாகத்தார் கையில் உள்ளது. தோட்டத்து இளைஞர் மன்றம் அதனைப் பணிவோடு எழுத்தில் கேட்கலாம். கேட்டு வெற்றி கண்ட இடங்கள் இல்லாமலில்லை.

நடவில் பங்குபெற விரும்பும் மன்றங்கள் முதலில் மாவட்ட வன இலாகாவை அணுகுக. நிரந்தர வனக் காப்பகத்தில் அனுமதியின்றி நுழைவதும் விதை எடுப்பதும் சட்டத்திற்குப் புறம்பானவை. நீரேற்ற அட்டவணையைப் பார்த்து, வற்றத் தொடங்கும் நேரத்தில் வேலையைத் தொடங்குக. உரை இருக்குமாயின் வேலை முடிந்தபின் வைத்துக்கொள்க, சேறு காத்திருக்காது. சப்பாத்தை இறுகக் கட்டிக்கொள்ள வேண்டும். உடைந்த சிப்பி காலைக் கிழிக்கும். சிறுவர்களைத் தனியே விடலாகாது. அவ்விடத்தில் நெடுநாள் மீன்பிடித்த ஒருவரை, மலாய்க்காரரோ சீனரோ பூர்வகுடியினரோ, அழைத்துவந்து முன்னே நடக்கச் சொல்லுங்கள். அவர் நிற்கும் இடத்தில் நில்லுங்கள். கேரித் தீவில் மா மெரி மக்களுக்குத் தெரிந்த அளவு பாக்காவின் மூலை முடுக்கு வேறு யாருக்குத் தெரியும்?

எத்தனை கன்று நட்டோம் என்பதை எழுதிவைக்கும் வழக்கம் எல்லா மன்றங்களிலும் இருக்கிறது. எத்தனை பிழைத்தன என்று எழுதுவோர் மிகக் குறைவு. மூன்றாம் மாதம் ஒருமுறை, ஆறாம் மாதம் ஒருமுறை, ஓராண்டு நிறைவில் ஒருமுறை போய் எண்ண வேண்டும். செத்ததற்குக் காரணத்தையும் குறிக்க வேண்டும்: நண்டா, குரங்கா, குப்பை வந்து அழுத்தியதா, கொட்டலசா, மண்ணோடு அடித்துக்கொண்டு போனதா? ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகம் போதும். ஐந்து பேர் போதும், பேருந்து வேண்டுவதில்லை.

நடுவதற்குமுன் செய்யவேண்டிய ஒன்று உண்டு. வரும் பௌர்ணமியை ஒட்டிய நாளில், நீர் முழுதும் ஏறியிருக்கும் வேளையில், மண்கரையின்மீது ஏறி நின்று, நீர் தொட்ட இடத்தில் ஒரு முளையை அறைந்து வையுங்கள். நீர் பாதி இறங்கிய வேளையில் அதன் விளிம்பில் மற்றொரு முளையை அறையுங்கள். இவ்விரண்டு முளைகளுக்கும் இடையே தானாக முளைத்த கன்று ஏதேனும் நிற்கிறதா என்று முதலில் தேடிப்பாருங்கள்.